பீலித் தண்ணீரும் லயத்துச் சோறும்

வரலாறு என்றதும் அரசர்களின் படையெடுப்புகளையும் ஆளுநர்களின் பெயர் வரிசையையும் நினைப்பதே நம்மிற் பலருக்கு வழக்கமாகிவிட்டது. நம் பாடசாலைகளிற் பிள்ளைகள் மனனம் செய்வதும் இவற்றையே. ஒரு குடம் தண்ணீர் எங்கிருந்து வந்தது, அதை யார் சுமந்தார், அதில் என்ன கலந்திருந்தது, அதைப் பருகிய குழந்தை பிழைத்ததா என்னும் வினாக்கள் நம் சரித்திர நூல்களில் இடம்பெறுவதில்லை. ஆனால், கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டங்களில் வாழும் மக்களின் கதையை எழுதப் புகும் எவரும் இவ்வினாக்களை ஒதுக்கிவிட்டு ஓர் அடிகூட எடுத்து வைத்தல் இயலாது. கண்ணுக்குப் புலப்படாத கிருமிகள் அம்மக்களின் சோற்றிலும் தண்ணீரிலும் கலந்த கதை, அவர்கள் எவ்வாறு குடியேற்றப்பட்டனர், எவ்வாறு வேலை வாங்கப்பட்டனர், எவ்வாறு ஒதுக்கப்பட்டனர் என்னும் கதையோடு பின்னிப் பிணைந்து கிடக்கின்றது.

தோட்டத்து மக்கள்மீது நெடுங்காலமாகச் சுமத்தப்பட்டு வரும் பழியொன்றுண்டு. "சுத்தம் அறியாதவர்கள்" என்பதே அப்பழி. காப்பித் தோட்டக் காலத்துத் துரைமார் இதைச் சொன்னார்கள். பட்டணத்துக் கடைகளில் இன்றும் இது காதில் விழுகிறது. படித்தவர்கள் கூடும் இடங்களில், ஏன், ஆசிரியர் அறைகளிற்கூட, சற்று நாகரிகமான சொற்களில் இதே பழி திரும்பவும் உரைக்கப்படுகிறது. இப்பழியை வரலாற்றின் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிருமியின் பாதை

முதலில் விஞ்ஞானம் கூறுவதைச் சுருக்கமாக நோக்குவோம். 1854ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வாந்திபேதி பரவியபோது, ஜோன் ஸ்னோ என்னும் மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளை ஒவ்வொன்றாகக் குறித்து, அவர்கள் ஒரே நீர்க்குழாயிலிருந்து தண்ணீர் எடுத்தவர்கள் என்பதைக் காட்டினார். 1884இல் றொபேட் கொக் கல்கத்தாவில் வாந்திபேதிக் கிருமியைப் பிரித்தெடுத்ததோடு, மக்கள் புழங்கிய குளமொன்றின் நீரிலும் அதைக் கண்டார். நெருப்புக் காய்ச்சலின் கிருமியை 1880இல் ஏபேர்த் கண்டறிந்தார். வயிற்றுளைவுக் கிருமியை 1897இல் ஜப்பானிய அறிஞர் ஷிகா கண்டறிந்தார். கொழும்பிலேயே 1900ஆம் ஆண்டளவில் கிருமியியல் ஆய்வு நிலையமொன்று தோன்றிவிட்டது. அல்டோ கஸ்டலானி என்னும் இத்தாலிய அறிஞர் 1903 முதல் அங்கே பணியாற்றினார்.

ஆகவே, இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோதே உண்மை தெளிவாகிவிட்டது. இந்நோய்கள் யாவும் ஒருவரின் மலத்திலிருந்து இன்னொருவரின் வாய்க்குச் செல்பவை. தண்ணீர், கை, ஈ, மண் என்பனவே அவை செல்லும் வழிகள். இவ்வழிகளை அடைப்பதற்கு வேண்டிய பொருள்களும் அரியனவல்ல: மூடிய நீரூற்று, குழாய், மலசலகூடம், கை கழுவத் தண்ணீர், சோற்றை மூடி வைக்க இடம், சமைத்ததைச் சூட்டோடு உண்ண நேரம். இந்த ஆறு பொருள்களையும் மனத்திற் கொண்டு தோட்டத்தின் வரலாற்றைப் பார்ப்போம்.

வடபாதையிலிருந்து மண்டபம் வரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் தமிழகத்தின் கரையோரத் துறைகளிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து காட்டு வழியே ஏறத்தாழ 150 மைல் நடந்து மாத்தளையை அடைந்தனர். இதுவே வடபாதை எனப்பட்டது. வறண்ட காலத்தில் அப்பாதையின் குளங்களில் எஞ்சியிருந்த கலங்கல் நீரே அவர்களின் குடிநீர். முன்னே சென்ற கூட்டம் குளித்து, குடித்து, கால் கழுவிச் சென்ற அதே நீரைப் பின்னே வந்த கூட்டமும் குடித்தது. வாந்திபேதி அப்பாதையைத் தன் இராஜபாட்டையாக்கிக் கொண்டது. 1849இல் கொழும்புப் பத்திரிகையொன்றே, அதுவரை வந்த தொழிலாளரில் நாலில் ஒரு பங்கினர் மாண்டிருக்கலாம் என்று எழுதிற்று. அக்கணக்கு மிகையானது என்று வாதிப்பவர்கள் உளர். ஆயினும் பாதையோரமெங்கும் மனித எலும்புகள் கிடந்தன என்பதை எவரும் மறுத்திலர்.

அரசாங்கம் விழித்துக்கொண்டது எப்போது? நோய் பாதையோரக் கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் பட்டணங்களுக்கும் பரவுகிறது என்னும் அச்சம் எழுந்தபோதே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வடபாதை மூடப்பட்டது. தொழிலாளர் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டனர். அந்நகருக்கு அண்மையில் தட்டப்பாறையில் முகாம் எழுந்தது. பின்னர் 1914இல் தலைமன்னாருக்குப் புகைவண்டியும் கப்பலும் இணைந்தபின் மண்டபம் முகாம் வந்தது. அங்கே ஆட்கள் சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டனர். அம்மைப்பால் குத்தப்பட்டது. உடலும் உடுப்பும் மருந்து நீரிற் கழுவப்பட்டன. புதிய கிருமி விஞ்ஞானத்தின் பலன் இங்கே கிடைத்தது என்று கூறுவாருண்டு. உண்மைதான், உயிர்கள் காப்பாற்றப்பட்டன. ஆனால் அந்த விஞ்ஞானம் கேட்ட கேள்வி ஒன்றேயொன்று: "இம்மனிதன் தோட்டத்துக்குள் எந்தக் கிருமியைக் கொண்டு வருகிறான்?" தோட்டம் அம்மனிதனுக்கு எந்தக் கிருமியைக் கொடுக்கப் போகிறது என்னும் மறுகேள்வி கேட்கப்படவேயில்லை. மண்டபத்தில் மருந்து நீராற் கழுவப்பட்ட கை, ஒரு வாரத்தின்பின் லயத்தில் கழுவத் தண்ணீரின்றிச் சோற்றைத் தொட்டது.

மழை நாட்டில் தண்ணீர்ப் பஞ்சம்

சப்ரகமுவ இலங்கையின் ஈரமான நிலப்பகுதிகளுள் ஒன்று. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. களனி கங்கையின் கிளைகளும் களு கங்கையின் கிளைகளும் இம்மலைகளிலிருந்தே இறங்குகின்றன. காப்பி அழிந்தபின் தேயிலையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிச் சக்கரங்களின் பசியோடு றப்பரும் இங்கே வந்தன. 1902இல் களனிப் பள்ளத்தாக்குப் புகைவண்டிப் பாதை அவிசாவளையை அடைந்தது. 1912இல் இரத்தினபுரியை எட்டிற்று. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிற்ற, எகலியகொடை, பெல்மதுளை, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை எனத் தோட்டங்கள் பெருகின. சரக்குக்குப் பாதை கிடைத்தது. சரக்கை உண்டாக்கிய மனிதனுக்குக் குழாய் கிடைத்ததா?

இங்கே ஓர் ஆண்டை நாம் மறத்தலாகாது. 1886ஆம் ஆண்டில், அவிசாவளைக்கு அண்மையிலுள்ள லபுகமை நீர்த்தேக்கத்திலிருந்து கொழும்பு மாநகருக்குக் குழாய் நீர் கொண்டு செல்லப்பட்டது. காட்டினாற் சூழப்பட்ட, மனிதர் புழங்காத நீரேந்து நிலம். அங்கிருந்து பல மைல் தூரம் இரும்புக் குழாய். ஆகவே தூய நீரின் அருமையை ஆட்சியாளர் அறியாதவரல்லர். அதைக் கொண்டு செல்லும் பொறியியலும் அவர்களிடம் இருந்தது. துரையின் பங்களாவுக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் மலையுச்சியிலிருந்து குழாய் இறங்கிற்று. லயத்துக்கு மட்டும் பீலி.

பீலி என்பது யாது? ஓடையிலோ ஊற்றிலோ மூங்கிலைப் பிளந்து அல்லது தகரத்தை வளைத்துச் செருகி நீரை விழச் செய்த இடம். பல லயங்களுக்கு ஒரு பீலி. குடிப்பதற்கும் குளிப்பதற்கும் துணி துவைப்பதற்கும் பாத்திரம் துலக்குவதற்கும் அதுவே. அதற்கு மேலேயுள்ள மலையில் வேறொரு லயம் இருக்கும். அந்த லயத்தின் வாய்க்கால் இந்தப் பீலியின் ஓடையிலே இறங்கும். மலசலகூடம் இல்லாத காலத்தில் தேயிலைச் செடியடியும் றப்பர்க் காடுமே ஒதுங்கும் இடங்கள். பெருமழை வந்து அவற்றையெல்லாம் அலசி ஓடையிற் சேர்த்தது. மழை கொட்டும் நாட்டில் தண்ணீருக்குக் குறைவில்லை. குடிக்கத்தக்க தண்ணீருக்கே பஞ்சம். மழை பெய்தால் றப்பர்ப் பால் வெட்டு நின்றுவிடும். அன்று கூலியும் நின்றுவிடும். ஆகவே தண்ணீர் கலங்கிக் கிருமி மலிந்த நாளே அடுப்பில் உலை வைக்க வழியற்ற நாளாகவும் இருந்தது.

ஒரு காம்பராவின் நாளொழுங்கு

லயத்துக் காம்பரா பொதுவாகப் பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் கொண்டது. முன்னே ஓர் இஸ்தோப்பு. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்ட இரட்டை லயங்களிற் பின்பக்கச் சன்னலுக்கும் இடமில்லை. அந்த ஓர் அறையில் பிறப்பு, உறக்கம், நோய், சாவு யாவும் நிகழ்ந்தன. அடுப்பும் அங்கேயே, அல்லது இஸ்தோப்பில். விறகும் அரிசியும் கோழிக்கூடும் குழந்தையின் தொட்டிலும் ஒரே கூரையின் கீழ். உணவை மூடி வைக்கப் பாத்திரம் போதாது. பாத்திரம் இருந்தால் வைக்க இடம் போதாது. எலியும் கரப்பானும் ஈயும் இவ்வறையின் வாடகையில்லாக் குடியாட்கள்.

இனி நேரத்தைப் பார்ப்போம். றப்பர் மரம் விடியற்காலைக் குளிரிலேயே பாலை நன்றாகச் சொரியும். ஆகவே பால் வெட்டும் பெண் இருளிலேயே எழ வேண்டும். பீலிக்குச் சென்று தண்ணீர் எடுத்து, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பிரட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். அதிகாலை ஐந்து மணிக்கு ஆக்கிய உணவை அவள் நண்பகலில் உண்கிறாள். இந்த ஏழு மணி நேரத்தை விஞ்ஞானத்தின் கண்கொண்டு எண்ணிப் பார்க்கலாம். உகந்த சூடும் ஈரமும் உள்ள உணவிற் பற்றீரியா ஒன்று ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது. ஏழு மணி நேரத்தில் 21 முறை. ஒரு கிருமி 20 இலட்சத்துக்கு மேலாகிறது. நம் தாழ்நிலத் தோட்டங்களின் பகற்சூடு அக்கிருமிகளுக்கு மிகவும் ஏற்றது. சூடாக உண்ண வேண்டும் என்று அறிவுரை கூறுவது எளிது. மலையில் அடுப்பு ஏது? வேலை நேரத்தை வகுத்தவர் யார்?

பிள்ளைக்காம்பராவிலும் இதே நிலைதான். தாய்ப்பால் கொடுக்கத் தாய்க்கு மலையிலிருந்து இறங்கி வர நேரமில்லாதபோது புட்டிப்பால் வந்தது. புட்டியைக் கொதிநீரிற் கழுவ விறகும் வேண்டும், நீரும் வேண்டும், கவனிக்க ஆளும் வேண்டும். பத்துப் பதினைந்து குழந்தைகளை ஒரே முதியவள் பார்த்துக்கொண்ட இடத்தில் இம்மூன்றும் எங்கிருந்து வரும்? குழந்தையின் வயிற்றோட்டத்துக்குத் தாயின் அறியாமையைக் காரணங்காட்டியவர்கள், தாயை அக்குழந்தையிடமிருந்து பிரித்த மணியோசையைக் குறிப்பிட மறந்தார்கள்.

சட்டமும் சன்மானமும்

இவற்றைச் சீர்செய்யச் சட்டங்கள் வரவில்லையா? வந்தன. 1872இலேயே தோட்ட மாவட்டங்களுக்கான முதலாவது மருத்துவத் தேவைகள் சட்டம் பிறந்தது. 1912ஆம் ஆண்டின் சட்டம் அதனினும் விரிவானது. லயங்களையும் சுற்றுப்புறத்தையும் ஓரளவு சுகாதார நிலையில் வைத்திருத்தல், நோயாளரை அறிந்து வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்தல், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் தருதல், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தக்க பராமரிப்பும் ஊட்டமும் கிடைக்கச் செய்தல் ஆகியவை தோட்டத் துரையின் கடமைகள் என அது விதித்தது. காகிதத்தில் இது நல்ல சட்டமே. ஆனால் "ஓரளவு" என்பதை அளப்பவர் யார்? செலவு செய்ய வேண்டியவரே அளப்பவராகவும் இருந்தால் அளவுகோல் எப்போதும் குட்டையாகவே இருக்கும். வாசல்கூட்டி ஒருவர் லயத்து வாசலையும் கானையும் கூட்டிப் பெருக்கினார். அவருடைய விளக்குமாறு குப்பையை அகற்றியது. பீலியின் கிருமியை அகற்ற அதனால் இயலவில்லை.

1916இல் அமெரிக்க றொக்பெல்லர் நிறுவனத்தினர் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை மாத்தளைத் தோட்டங்களில் ஆரம்பித்தனர். கொழுக்கிப்புழு பற்றீரியா அன்று. ஆனால் மலத்தால் மாசுபட்ட மண் என்னும் அதே வழியாலேயே அதுவும் வருவது. ஆயிரக்கணக்கானோருக்கு மருந்து கொடுக்கப்பட்டது, புழு வெளியேறியது, சில மாதங்களில் மீண்டும் புகுந்தது. ஏனெனில் மருந்தை ஏற்ற தோட்ட முதலாளிமார் மலசலகூடம் கட்டும் செலவை ஏற்கத் தயங்கினர். மருந்து வெளியாரின் நன்கொடை. மலசலகூடமோ தங்கள் இலாபத்திலிருந்து போகும் பணம். இந்த அனுபவம் உலகச் சுகாதார வரலாற்றுக்கே ஒரு பாடம். வாழ்நிலையை மாற்றாமல் நோயை மட்டும் துரத்தினால் அது கொல்லை வழியாகத் திரும்பி வரும்.

ஏழைகளின் விஞ்ஞானம்

சுத்தம் அறியாதவர்கள் என்னும் பழிக்கு இனி விடை காண்போம். தோட்டத்து மக்களின் அன்றாட உணவை ஆராய்ந்தால் அதில் ஆழ்ந்த அனுபவ அறிவு புதைந்திருப்பது தெரியவரும். மலைக்குக் கொண்டுபோகச் சோற்றைவிட ரொட்டியை அவர்கள் விரும்பியதேன்? இரண்டாம் உலகப் போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டின்பின் கோதுமை மா பெருகியது ஒரு காரணம். ஈரம் குறைந்த ரொட்டி விரைவிற் கெடாது என்பது மற்றொன்று. சம்பலிற் சேரும் உப்பும் தேசிக்காய்ப் புளியும் கிருமி பெருகுவதைத் தாமதிக்கச் செய்கின்றன. இரவுச் சோற்றில் நீரூற்றி வைத்த பழஞ்சோற்றில் இலற்றிக்கமிலத்தை உண்டாக்கும் நல்ல பற்றீரியாக்கள் பெருகித் தீய கிருமிகளுக்கு இடங்கொடாமற் செய்கின்றன. நீராகாரத்தின் புளிப்பு அதன் அடையாளம். சவர்க்காரம் வாங்க இயலாதவர் அடுப்புச் சாம்பலாற் கையையும் பாத்திரத்தையும் தேய்த்தனர். கொத்தமல்லியைக் கொதிக்க வைத்துக் குடித்தனர்.

எல்லாவற்றுக்கும் மேலானது தேத்தண்ணீர். தொழிற்சாலையிற் சலித்தபின் எஞ்சிய தூள்தான் அவர்களின் பங்கு. பால் இல்லை, பல நாள் சீனியும் இல்லை. ஆனால் நீர் கொதித்தது. கொதித்த நீரில் வயிற்றுளைவுக் கிருமியும் நெருப்புக் காய்ச்சற் கிருமியும் மடிகின்றன. உள்ளங்கையிற் சிறிது சீனியை வைத்து நக்கிக்கொண்டு வெறுந்தேநீர் குடிக்கும் தொழிலாளியைக் கண்டு நகைத்தவர்கள், அக்கோப்பை அவனது பாதுகாப்பு என்பதை அறிந்திலர். தம் கைக்கெட்டிய கருவிகளைக் கொண்டு இம்மக்கள் கிருமியோடு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் போராடியுள்ளனர். அவர்களுக்குக் குறைந்தது அறிவன்று. தண்ணீரும் இடமும் நேரமுமே.

பசியும் உரிமையும்

கிருமி தனித்து நின்று கொல்வது அரிது. பசியின் துணை கொண்டே அது கொல்லும். இதைச் சப்ரகமுவ தன் கண்ணாற் கண்டது. 1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாப் பெருங்கொள்ளையில் கேகாலை மாவட்டம் மிகக் கொடிதாகத் தாக்கப்பட்டது. அது கொசுவால் வந்த நோயாயினும், சாகக் கிடந்தவர்களுக்குக் கொயினாவோடு உணவும் வேண்டும் என்பதைச் சூரியமல் இயக்கத்தின் இளைஞர்கள் உணர்ந்தனர். கலாநிதி என். எம். பெரேரா பருப்பு விநியோகித்தார். எதிராளிகள் அவரைப் "பருப்பு மாத்தயா" என்று எள்ளினர். அந்த எள்ளலையே மக்கள் பட்டமாக்கி, 1936இல் றுவன்வெல்லைத் தொகுதியிலிருந்து அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினர். சுகாதாரம் ஓர் அரசியற் பிரச்சினை என்பதை அக்கிராம மக்கள் எந்த நூலையும் படியாமலே தெரிந்துகொண்டனர்.

தோட்டத் தொழிலாளிக்கோ அந்த அரசியலின் கதவே அடைக்கப்பட்டது. கிராம சபைத் தேர்தல்களில் தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்கு வாக்குரிமை வழங்க மறுத்தது 1937ஆம் ஆண்டுச் சட்டம். 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தில், உருளவள்ளி என்று நம்மவர் அழைக்கும் அத்தோட்டத்தில், நிலத்தை அரசு சுவீகரித்துத் தொழிலாளரை வெளியேறப் பணித்தபோது பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. லயம் தொழிலாளிக்குச் சொந்தமன்று. வேலை போனால் கூரையும் போகும் என்பதை அது உலகுக்குக் காட்டியது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எஞ்சியதையும் பறித்தது. நாளை இருப்போமா என்று தெரியாத நிலத்தில் கிணறு தோண்டுபவர் யார்? 1973-74இல் உலக உணவு நெருக்கடி வந்தபோது பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்தன. தோட்டத்துக் குழந்தைகளின் மரண வீதம் நாட்டின் சராசரியைப்போல் இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. தோட்டங்கள் தேசியமயமாகின, லயங்கள் அப்படியே நின்றன. 1977இலும், 1981இல் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலும், 1983இலும் வன்செயல் நெருப்பு எரிந்தபோது பலர் காம்பராவையே விட்டு ஓட நேர்ந்தது.

இவற்றுள் நம் பொருளுக்கு மிக நெருங்கிய செய்தி ஒன்றுண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் தம் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக அமைந்திருந்தது. கிராமத்துக்குக் கிணறும் குழாயும் அமைத்துக் கொடுத்த சபை, வேலிக்கு அப்பாலிருந்த லயத்துக்கு அதைச் செய்யச் சட்டம் இடந்தரவில்லை. அங்கே வாழ்ந்தவர்கள் வாக்களித்தனர்; உறுப்பினரைத் தெரிந்தனுப்பினர்; ஆனால் அவ்வுறுப்பினரால் தம்மை அனுப்பியோருக்கு ஒரு குழாய் வைத்துக் கொடுக்க இயலவில்லை. 2018ஆம் ஆண்டிற்றான் அச்சட்டம் திருத்தப்பட்டது. முப்பத்தோராண்டு! அந்த முப்பத்தோராண்டின் வயிற்றோட்டங்களையும் காய்ச்சல்களையும் எந்தத் தாயின் அழுக்குக் கையில் நாம் எழுதுவது?

மலையிலிருந்து பட்டணம் வரை

பழைய வாந்திபேதி இன்று நம் தோட்டங்களில் இல்லை. தடுப்பூசியும் இலவச வைத்தியமும் கல்வியும் பெரும் மாற்றத்தைச் செய்துள்ளன. 1971இல் வங்காள அகதிகள் நிறைந்த பொங்கான் முகாமில் டாக்டர் திலீப் மகாலனோபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை உறவினர் கையாலேயே நோயாளிக்குப் புகட்டச் செய்து, நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவை நாலுக்கும் கீழே இறக்கினார். அதே மருந்துதான் நம் நாட்டில் "ஜீவனி" என்னும் பெயரில் லயத்துக் காம்பராக்களை எட்டியுள்ளது. ஆனால் ஜீவனியைக் கரைக்கவும் நல்ல தண்ணீர் வேண்டுமே! பாதுகாப்பான குடிநீர் பெறுவோர் பற்றிய கணக்கெடுப்புகளில் நகரம், கிராமம், தோட்டம் என்னும் மூன்று துறைகளுள் தோட்டமே கடைசியில் நிற்கின்றது.

எலிக்காய்ச்சலும் உண்டு. எலியின் சிறுநீரிலிருந்து நீரிலும் சேற்றிலும் கலக்கும் பற்றீரியாவால் வருவது அது. 1915ஆம் ஆண்டளவில் ஜப்பானிய அறிஞர்கள் இக்கிருமியைக் கண்டது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே என்பது கருதத்தக்கது. தொடக்க முதலே இது சேற்றில் உழைப்பவனின் நோய். 2008இல் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் இந்நோயால் பீடிக்கப்பட்டதாக ஐயுறப்பட்டது. இரத்தினபுரியும் கேகாலையும் இந்நோய் மிகுந்த மாவட்டங்களின் வரிசையில் அடிக்கடி இடம்பெறுகின்றன. வயலில் இறங்கும் சிங்கள விவசாயியையும், மாணிக்கக் குழியில் இறங்கும் கூலியாளையும், லயத்துக் கானைக் கடந்து வேலைக்குச் செல்லும் தமிழ்ப் பெண்ணையும் இக்கிருமி வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. 2016 மே மாதத்தில் அரநாயக்காவில் மலை சரிந்த அதே நாளிற் புளத்கொஹுபிட்டியவில் களுபஹனத் தோட்டத்து லயமும் மண்ணுள் புதைந்தது. மழைக்கும் மொழி வேற்றுமை இல்லை.

தண்ணீரின் ஓட்டத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். லயத்துக் கானில் விழுவது ஓடைக்குச் செல்கிறது. ஓடை கீழேயுள்ள கிராமத்து வயலுக்குச் செல்கிறது. வயல் கடந்து களனி கங்கையிற் கலக்கிறது. அக்கங்கை நீரை அம்பத்தளையிற் சுத்திகரித்துக் குளோரின் கலந்து கொழும்பு குடிக்கிறது. கங்கையின் கடைசியிலுள்ளோருக்குச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. தலையிலுள்ளோருக்கு மூடிய ஊற்றுக்கூட இல்லை. தோட்டத்துக்கு மலசலகூடமும் குழாயும் கேட்பது தோட்டத்தானின் தனிக் கோரிக்கை என்று எண்ணும் கிராமத்தவர், அதே ஓடையில் தம் பிள்ளையும் குளிப்பதை நினைத்துப் பார்க்கட்டும். இங்கே தமிழ்த் தொழிலாளியையும் சிங்கள விவசாயியையும் ஒன்று சேர்க்க மேடைப் பேச்சு வேண்டியதில்லை, ஓடையே போதும்.

நம் கடமை

ஆசிரியர்களாகிய நாம் சுகாதார பாடத்தில், "உண்ணுமுன் கைகளைக் கழுவுக, கொதித்தாறிய நீரைப் பருகுக, உணவை மூடி வைக்க" என்று கரும்பலகையில் எழுதுகிறோம். அவை உண்மையான வாக்கியங்கள். அவற்றை எழுதத்தான் வேண்டும். அவற்றின் கீழே இன்னும் சில வினாக்களையும் எழுதுவோம். உன் லயத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அந்த ஊற்றுக்கு மேலே என்ன இருக்கிறது? எத்தனை குடும்பங்களுக்கு ஒரு குழாய்? எத்தனை பேருக்கு ஒரு மலசலகூடம்? இவ்வினாக்களுக்குப் பிள்ளைகள் விடை எழுதிய தாள்களே இப்பிரதேசத்தின் உண்மையான வரலாற்று ஏடுகளாகும்.

விஞ்ஞான ஆசிரியர்கள் இன்னும் ஒருபடி மேலே செல்லலாம். 1982இல் குவாலியரில் ஆய்வாளர் சிலர் எளியதொரு சோதனை முறையை வெளியிட்டனர். மருந்து தோய்த்த தாளிட்ட சிறு போத்தலில் நீரை ஊற்றி வைத்தால், மலக்கிருமி கலந்த நீராயின் ஓரிரு நாளில் அது கறுத்துவிடும். அந்நீரை ஊற்றிவிடும்போது கிருமிநாசினி சேர்த்தல் போன்ற கவனங்களை ஆசிரியர் மேற்கொள்ள வேண்டும். மற்றபடி உயர் வகுப்பு மாணவர் செய்யத்தக்க சோதனையே இது. ஐயம் எழும் நீரைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒப்படைத்து முறையான ஆய்வைக் கோரலாம். கறுத்த போத்தலொன்றைப் பிரதேச சபையின் மேசைமேல் வைக்கும் மாணவனிடம், "உன் தாய் கை கழுவவில்லை" என்று யார் சொல்லிவிட முடியும்? 2018க்குப் பின் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. இனித் தோட்ட நிருவாகமும் சபையும் ஒன்றையொன்று கைகாட்டிக் கொண்டிருப்பதற்குச் சாக்கில்லை.

அதுவரை ரொட்டியையும் தேத்தண்ணீரையும் பழஞ்சோற்றையும் இகழாதிருப்போம். கொதித்த நீரின் பயனை வற்புறுத்துவோம். வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்கு உடனே ஜீவனி புகட்டுமாறு ஒவ்வொரு தாய்க்கும் சொல்வோம். இவை இன்றைய உயிரைக் காப்பவை. நாளைய உயிர்களைக் காப்பது, மூடிய ஊற்றும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குழாயும் ஒரு மலசலகூடமும், தன் பெயரில் எழுதப்பட்ட ஒரு துண்டு நிலமுமே. லபுகமையிலிருந்து கொழும்புக்கு 1886இல் குழாய் போட முடிந்த ஒரு நாட்டில், மலையுச்சி ஊற்றிலிருந்து சில நூறு யார் தூரம் லயத்துக்குக் குழாய் போடுவது இயலாத காரியமன்று. அதைக் கேட்டுப் பெறும்வரை நம் கரும்பலகையில் அந்த வினாக்கள் அழியாதிருக்கட்டும்.